சர்வரின் முகத்தை யார் பார்க்கிறார்கள்? - 'ஹோட்டல் இம்பீரியல்' என்ற மௌனப்படத்தின் ஆள்மாறாட்டக் கதை

கடைசியாக நீங்கள் ஹோட்டலில் சாப்பிட்டது எப்போது? உங்களுக்குப் பரிமாறிய சர்வரின் முகம் ஞாபகம் இருக்கிறதா? சாம்பாரில் உப்பு குறைவாக இருந்தது ஞாபகம் இருக்கும். பில் எவ்வளவு வந்தது என்பதும் இருக்கும். சர்வர் போட்டிருந்த சட்டையின் நிறம்கூட ஒருவேளை வரும். முகம் மட்டும் வரவே வராது. எனக்கும் அப்படித்தான்.

இந்த ஒரு மறதியை மட்டுமே நம்பி, ஒரு ராணுவ அதிகாரி எதிரிப் படையின் தலைமையகத்துக்குள்ளேயே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடமாடுகிறார். கையில் தட்டு, தோளில் துண்டு. எதிரே உட்கார்ந்து சாப்பிடுவது, இவரைப் பார்த்தால் சுட்டுக் கொல்ல வேண்டிய ஜெனரல். அவரும் பார்க்கத்தான் செய்கிறார். ஆனால் அவருக்குத் தெரிவது சர்வர் மட்டும்தான்.

1927-ம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வெளியான 'ஹோட்டல் இம்பீரியல்' என்ற மௌனப்படத்தின் கதை இது. பாரமவுன்ட் நிறுவனத்தின் தயாரிப்பு. இயக்கியவர் மாரிட்ஸ் ஸ்டில்லர், நாயகி போலா நெக்ரி. 'நூறு வருஷத்துக்கு முந்தின கறுப்பு வெள்ளைப் படம், அதுவும் பேச்சே இல்லாத படம், எனக்கு எதுக்கு?' என்று கேட்கிறீர்களா? நானும் அந்த நினைப்போடுதான் பார்க்க உட்கார்ந்தேன். பாதியில் எழுந்து போக முடியவில்லை.

கதை என்ன?

முதல் உலகப்போர். இடம் கலீஷியா. இன்றைய வரைபடத்தில் தென்கிழக்குப் போலந்தும் மேற்கு உக்ரைனும் சேர்ந்த பகுதி. அன்றைக்கு அது ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் கிழக்கு எல்லை. அதைத் தாண்டினால் ரஷ்யா.

களைத்துப்போன ஆஸ்திரியக் குதிரைப்படை வீரர்கள் சிலர் இரவில் ஒரு சிற்றூருக்குள் வருகிறார்கள். அவர்களில் ஒருவர் லெப்டினன்ட் பால் அல்மாஸி. நடிகர் ஜேம்ஸ் ஹால். கூட வந்தவர்களிடமிருந்து பிரிந்து, அந்த ஊரின் ஹோட்டல் இம்பீரியலுக்குள் நுழைந்து, அசதியில் அப்படியே தூங்கிவிடுகிறார். (நம்ம ஊரில் ஹோட்டல் என்றால் சாப்பாட்டுக் கடைதான் முதலில் ஞாபகம் வரும். இது அறைகளோடு கூடிய தங்கும் விடுதி.) கண் விழித்துப் பார்த்தால் ஊர் ரஷ்யர்கள் கையில்.

முதலாளிகள் எல்லாம் ஓடிப்போன விடுதியில் மிச்சம் இருப்பது ஓரிரு வேலைக்காரர்கள். அவர்களில் ஒருத்தி அன்னா. அறைகளைத் துடைத்துச் சுத்தம் செய்பவள். அவள்தான் அல்மாஸியை ஒளித்துவைக்கிறாள். ஆனால் ரஷ்ய ஜெனரல் யுஷ்கிவிச் அதே விடுதியைத் தன் தலைமையகமாக ஆக்கிக்கொள்கிறார். இனி ஒளிய இடமில்லை. ஒளிய முடியாத ஆள் என்ன செய்வார்? எல்லோர் கண் முன்னாலும் வந்து நிற்பார். யூனிஃபார்மைக் கழற்றிவிட்டு சர்வர் உடுப்பை மாட்டிக்கொள்கிறார் லெப்டினன்ட்.

இதுவரை ஆண்களின் கதை. இனிமேல்தான் இது அன்னாவின் கதையாகிறது. ஜெனரலின் கண் அவள்மேல் விழுகிறது. தரை துடைத்தவளுக்குப் பட்டுடையும் நகையும் வருகின்றன. அவள் அதை வேண்டாம் என்று தள்ளினால் ஜெனரலின் கோபம் விடுதிமேல் திரும்பும். விடுதியைக் கிளறினால் சர்வர் மாட்டுவார். அவளால் 'சரி' என்றும் சொல்ல முடியாது, 'முடியாது' என்றும் சொல்ல முடியாது. போலா நெக்ரி அந்த நடு இடத்தில் நின்று நடிக்கிறார் பாருங்கள், படத்தில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

பிறகு பெட்ரோஃப் என்ற ரஷ்ய உளவாளி திரும்பி வருகிறான். ஆஸ்திரியப் படைகளைப் பற்றிய தகவல் அவனிடம் இருக்கிறது. அவன் வாயைத் திறந்தால் ஆயிரக்கணக்கானவர்கள் செத்துப்போவார்கள். சர்வர் அவனைக் கொன்றுவிடுகிறார். அன்னா அதைத் தற்கொலை மாதிரி காட்டப் பார்க்கிறாள். சந்தேகம் சர்வர்மேல் வருகிறது. விசாரணை நடக்கிறது. 'அந்த நேரத்தில் நீ எங்கே இருந்தாய்?'

எல்லோர் முன்னிலையிலும் அன்னா சொல்கிறாள், அவர் தன் அறையில் இருந்தார் என்று.

ஒரே வாக்கியத்தில் அவருடைய உயிர் மிஞ்சுகிறது, அவளுடைய மானம் போகிறது. ஜெனரல் தான் கொடுத்த உடைகளையும் நகைகளையும் அவள் மேலிருந்து பிடுங்கி எறிகிறார். மறுபடியும் அவள் வேலைக்காரி. ஜெனரலின் பார்வையில் அவள் ஏமாற்றியது ஓர் ஆணை. உண்மையில் அவள் ஏமாற்றியது ஒரு ராணுவத்தை. கடைசிவரை அவருக்கு அது புரிவதில்லை.

பேச்சில்லாததே பலம்

ஆள்மாறாட்டக் கதைகளை யோசித்துப் பாருங்கள். மாட்டிக்கொள்வது பெரும்பாலும் பேச்சில்தான். உச்சரிப்பு காட்டிக்கொடுக்கும். ஒரு சொல் தவறினால் போச்சு. ஓர் ஆஸ்திரியக் குதிரைப்படை அதிகாரி பேசுகிற பேச்சும், எல்லைப்புறச் சிற்றூரில் ஒரு சர்வர் பேசுகிற பேச்சும் ஒன்றாகவா இருக்கும்? பேசும் படமாக எடுத்திருந்தால் முதல் காட்சியிலேயே இந்தக் கேள்வி வந்திருக்கும்.

மௌனப்படத்தில் அந்தத் தொல்லை இல்லை. ஜெனரல் எந்த மொழியில் கேட்டார், சர்வர் எந்த மொழியில் பதில் சொன்னார் என்று நாம் யோசிப்பதே கிடையாது. திரையில் எழுத்து வருகிறது, போகிறது. மிச்சம் இருப்பது உடம்பு. எப்படி நிற்கிறார், குனியும்போது முதுகு எவ்வளவு வளைகிறது, கண் மேலே போகிறதா கீழே போகிறதா - சாட்சி இவ்வளவுதான். ராணுவப் பயிற்சியில் நிமிர்ந்தே பழகிய ஒரு முதுகு, தட்டோடு குனியக் கற்றுக்கொள்ள வேண்டும். பார்வையாளர்களான நமக்கும் ஜெனரலுக்கும் கிடைக்கிற தடயங்கள் ஒன்றேதான். ஒரே வித்தியாசம், நமக்கு விடை முன்னாடியே தெரியும்.

இதற்காகவே கேமராவையும் வேறு மாதிரி வேலை வாங்கியிருக்கிறார்கள். விடுதியின் எட்டு அறைகளை ஒன்றோடொன்று ஒட்டிய செட்டாகப் போட்டு, மேலே தண்டவாளம் கட்டி, அதில் கேமராவைத் தொங்கவிட்டு அறை அறையாக நகர்த்தினார்கள். ஒளிப்பதிவாளர் பெர்ட் க்ளெனன். டிராலி, கிரேன் எல்லாம் பார்த்துப் பழகிய நமக்கு இது சாதாரணம். கேமராவை முக்காலியில் நட்டுவைத்துப் படம் எடுப்பதே வழக்கமாக இருந்த காலத்தில் இது பெரிய விஷயம். இந்த யோசனைக்குப் பின்னால் ஜெர்மனியின் உஃபா நிறுவனத்திலிருந்து ஹாலிவுட்டுக்கு வந்திருந்த தயாரிப்பாளர் எரிக் பொம்மரும் இருந்தார். 'டாக்டர் கலிகாரி' படத்தைத் தயாரித்தவர் அவர்தான்.

சாயம் பூசாத உண்மை

கதை கற்பனைதான். ஆனால் அந்த ஊரில் அந்தக் காலத்தில் 'நீ யார்?' என்ற கேள்வி எவ்வளவு ஆபத்தானது என்பது கற்பனை இல்லை.

1914 செப்டம்பர் தொடக்கத்தில் ரஷ்யப் படை கலீஷியாவின் தலைநகரான லெம்பெர்க்கைப் பிடித்தது. இன்று நாம் செய்திகளில் லிவிவ் என்று படிக்கிற அதே உக்ரைன் நகரம். ப்ஷெமிஷ்ல் கோட்டையை மாதக்கணக்கில் முற்றுகையிட்டார்கள். உணவு தீர்ந்து, 1915 மார்ச் 22 அன்று கோட்டை சரணடைந்தது. ஒரு லட்சத்துக்கும் அதிகமான வீரர்கள் கைதானார்கள். ஆனால் மே 2 அன்று கோர்லிட்சே-டார்னுஃப் பகுதியில் ஜெர்மன்-ஆஸ்திரியப் படைகள் தாக்குதலைத் தொடங்க, காற்று திரும்பியது. ஜூன் 3-ல் ப்ஷெமிஷ்ல், ஜூன் 22-ல் லெம்பெர்க். ஒரு வருடத்துக்குள் ஒரே ஊரில் இரண்டு முறை கொடி மாறியது.

கொடி மாறும்போது மனிதர்கள் மாற மாட்டார்களே. போலந்துக்காரர்கள் ரஷ்யப் படையிலும் இருந்தார்கள், ஆஸ்திரியப் படையிலும் இருந்தார்கள், ஜெர்மன் படையிலும் இருந்தார்கள். உக்ரைனியர்கள் இரண்டு பக்கமும். எதிரெதிர்ப் பதுங்குகுழிகளில் ஒரே மொழியில் பிரார்த்தனை கேட்டிருக்கும். முகத்தை வைத்து ஆளைப் பிரிக்க வழியே இல்லை. சட்டைதான் ஒரே அடையாளம். உள்ளூர் உக்ரைனியர்களில் பலர் 'ரஷ்யாவுக்கு ஆதரவானவர்கள்' என்ற சந்தேகத்தின் பேரிலேயே ஆஸ்திரிய அரசால் பிடிக்கப்பட்டு, கிராஸ் நகருக்கு அருகே தாலர்ஹோஃப் முகாமில் அடைக்கப்பட்டார்கள். சொந்த அரசே ஆளை மாற்றிப் புரிந்துகொண்ட கதை அது. அதைப் படமாக எடுத்தால் காதலும் இருக்காது, சுபமும் இருக்காது.

இன்னொரு சின்ன விஷயம். ஆஸ்திரிய-ஹங்கேரிய வீரர்களின் அடையாள வில்லை, நாம் படங்களில் பார்க்கிற மாதிரி எழுத்துப் பொறித்த தகடு இல்லை. அது ஒரு சின்னப் பித்தளை டப்பி. தாயத்து மாதிரி திறந்து மூடலாம். உள்ளே மடித்த ஒரு காகிதத்தில் பெயரும் ஊரும் படைப்பிரிவும் எழுதியிருக்கும். மழையிலும் சேற்றிலும் கிடந்தால் காகிதம் என்ன ஆகும்? டப்பி இருக்கும், பெயர் இருக்காது.

இன்று பாஸ்போர்ட்டில் போட்டோ இல்லாமல் நம்மால் யோசிக்கவே முடியாது. அந்தப் பழக்கமும் இதே போரில்தான் உறுதியானது. பிரிட்டன் தன் பாஸ்போர்ட்டில் போட்டோவைக் கட்டாயமாக்கியது 1915-ல். 'நீ சொல்கிற ஆள் நீதானா?' என்று அரசுகள் கேட்க ஆரம்பித்த காலத்தில் நடக்கிற கதை என்று நினைத்துப் பார்த்தால், அன்னாவின் பொய்க்கு எவ்வளவு கனம் என்று புரியும்.

சரி, அல்மாஸி மாட்டியிருந்தால்? யூனிஃபார்மோடு பிடிபட்டால் அவர் போர்க்கைதி. முகாம், கஞ்சி, போர் முடிந்ததும் வீடு. சர்வர் உடுப்பில் இருந்துகொண்டு தகவல் திரட்டும்போது பிடிபட்டால் உளவாளி. 1907-ம் ஆண்டின் ஹேக் விதிகள், உளவாளியைக்கூட விசாரிக்காமல் தண்டிக்கக் கூடாது என்கின்றன. அந்த விசாரணையின் முடிவு பெரும்பாலும் சுவரும் துப்பாக்கிகளும்தான். ஆனால் அதே விதிகளில் ஒரு விசித்திரமான கதவும் உண்டு. உளவு பார்த்தவர் தப்பித்துத் தன் படையோடு சேர்ந்துவிட்டு, பிறகு வேறொரு நாள் பிடிபட்டால், பழைய உளவுக்காக அவரைத் தண்டிக்க முடியாது. அவர் சாதாரணப் போர்க்கைதிதான். அதாவது எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடிவிட்டால் கணக்கு நேராகிவிடும்.

ஆணுக்கு அந்தக் கதவு இருக்கிறது. அன்னாவுக்கு? அவள் ஓட எந்தப் படையும் இல்லை. எதிரி ஜெனரலின் பட்டுடையை உடுத்தியவள் என்று சொந்த ஊரே பார்த்திருக்கிறது. ஆஸ்திரியப் படை திரும்பி வந்ததும் நாயகன் கைப்பிடிக்க, படம் சுபமாக முடிகிறது. எனக்கு அது கொஞ்சம் வேகமான சுபமாகத்தான் பட்டது. ஊர்க்காரர்களில் ஒருவராவது முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். பாரமவுன்ட் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

கேமராவுக்குப் பின்னால் இருந்தவர்கள்

இந்தப் படத்தை எடுத்தவர்கள் யார் என்று தேடினால்தான் கதை இன்னும் சுவாரஸ்யமாகிறது.

இயக்குநர் ஸ்டில்லர் பிறந்தது ஹெல்சிங்கியில், 1883-ல். பின்லாந்து அப்போது ரஷ்யப் பேரரசின்கீழ் இருந்தது. ஜாரின் ராணுவத்தில் சேரச்சொல்லி ஆணை வந்தபோது, சேராமல் ஸ்வீடனுக்குப் போய்விட்டார். போலா நெக்ரியின் இயற்பெயர் பார்பரா அப்போலோனியா. குடும்பப் பெயர் ஹவூபியெட்ஸ். பிறந்த ஊர் லிப்னோ, அதுவும் ரஷ்ய ஆட்சியின்கீழ் இருந்த போலந்து. அப்பாவை ரஷ்ய அதிகாரிகள் கைது செய்து சைபீரியாவுக்கு அனுப்பினார்கள். 'நெக்ரி' என்ற பெயரை அவர் எடுத்துக்கொண்டது இத்தாலியக் கவிஞர் அடா நெக்ரியிடமிருந்து.

ஆக, படத்தில் ரஷ்ய ஜெனரலைக் கண்டு நடுங்குகிற பெண்ணும், அந்தப் பெண்ணை நடிக்கவைத்த இயக்குநரும் பிறப்பால் ஜாரின் குடிமக்கள். ஜாரின் படையிலிருந்து தப்பியவர், ஜாரின் படையிடமிருந்து தப்புகிறவரின் கதையை எடுத்திருக்கிறார். இன்னொரு வேடிக்கை, படத்தின் நாயகன் ஆஸ்திரிய அதிகாரி. 1917 டிசம்பரில் அதே ஆஸ்திரிய-ஹங்கேரியின் மேல்தான் அமெரிக்கா போர் அறிவித்திருந்தது. ஒன்பது வருடம் கழித்து அமெரிக்க ரசிகர்கள் அந்த யூனிஃபார்முக்காகக் கைதட்டினார்கள். எதிரி யார் என்பதும் சட்டை மாதிரிதான் போல, மாற்றிக்கொள்ள முடிகிறது.

மூலக்கதையை நாடகமாக எழுதியவர் லாயோஷ் பிரோ, ஹங்கேரிக்காரர். போர் நடந்துகொண்டிருந்தபோதே எழுதியது. பின்னாளில் இங்கிலாந்துக்குப் போய் அலெக்ஸாண்டர் கோர்டாவின் படங்களுக்கு எழுதினார். மைசூர் சீமையிலிருந்து போன சாபு நடித்த 'தி தீஃப் ஆஃப் பாக்தாத்' படத்தின் திரைக்கதையிலும் அவர் கை உண்டு. உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சாபுவைத் தெரிந்திருக்கும்.

ஸ்டில்லரின் முடிவு சோகமானது. கிரேட்டா கார்போ என்ற இளம் நடிகையை 1925-ல் ஸ்வீடனிலிருந்து ஹாலிவுட்டுக்கு அழைத்துவந்தவர் அவர். கார்போவுக்கு வாழ்வு வந்தது. எம்.ஜி.எம் நிறுவனம் 'தி டெம்ப்ட்ரெஸ்' படத்தின் பாதியிலேயே ஸ்டில்லரை நீக்கியது. அதன்பிறகு பாரமவுன்டில் கிடைத்த வாய்ப்புதான் 'ஹோட்டல் இம்பீரியல்'. அது ஜெயித்தும் அவருக்கு ஹாலிவுட் ஒட்டவில்லை. 1927-ல் ஸ்வீடன் திரும்பினார். 1928 நவம்பரில், 45 வயதில் இறந்துபோனார். இன்று பலருக்கு அவர் 'கார்போவைக் கண்டுபிடித்தவர்'. அவ்வளவுதான். திறமையான ஓர் இயக்குநருக்கு மிஞ்சிய அடையாள அட்டை இது.

போலா நெக்ரிக்கு நடந்தது வேறு. இந்தப் படத்தின் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோது, 1926 ஆகஸ்ட் 23 அன்று நியூயார்க்கில் ருடால்ஃப் வேலன்டினோ இறந்தார். 31 வயது. உலகமே கொண்டாடிய நடிகர். அவரும் தானும் கல்யாணம் செய்துகொள்ள இருந்ததாக நெக்ரி சொன்னார். ரயில் ஏறி நியூயார்க் போனார். சவப்பெட்டிக்கு அருகே மயங்கி விழுந்தார். அவர் அனுப்பிய மலர் அலங்காரத்தில் 'போலா' என்ற பெயரே பூக்களால் எழுதப்பட்டிருந்தது. பத்திரிகைகள் சிரித்தன. எல்லாம் நடிப்பு, கேமராவுக்காக விழுந்தார் என்று எழுதின. துக்கம் விசாரிக்கிற வீட்டில் அழுகையின் அளவை அளக்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள் இல்லையா? அதேதான்.

அழுதது உண்மையா, நடிப்பா என்று நான் தீர்ப்பு சொல்லப் போவதில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். விசாரணையில் பொய் சொல்லி எல்லோரையும் நம்பவைக்கிற ஒருத்தியாக செட்டில் நடித்துக்கொண்டிருந்தவர், வெளியே அழுதபோது ஒருவரும் நம்பவில்லை. மறுவருடம் மே மாதம் அவர் செர்ஜ் ம்திவானியைக் கல்யாணம் செய்துகொண்டார். தன்னை ஜார்ஜிய இளவரசர் என்று சொல்லிக்கொண்டவர். அந்தக் குடும்பத்தின் இளவரசப் பட்டமே அவர்களாகச் சூட்டிக்கொண்டதுதான். ஆள்மாறாட்டம் நெக்ரியை வீடுவரை தொடர்ந்தது. 1931-ல் விவாகரத்து.

சர்வர் மறுபடி வந்தார்

இந்தக் கதையை பாரமவுன்ட் அதோடு விடவில்லை. 1936-ல் பேசும் படமாக எடுக்கப் பார்த்தார்கள். மார்லீன் டீட்ரிச்சும் சார்ல்ஸ் போயரும் நடிக்க, பெயர் 'ஐ லவ்டு எ சோல்ஜர்'. டீட்ரிச் பாதியில் விலகினார். பதிலுக்கு வந்த மார்கரெட் சல்லவனுக்குக் கை உடைந்தது. படம் நின்றே போனது. 1939-ல் ஒருவழியாக ரே மிலண்ட், இசா மிராண்டா நடித்து வெளிவந்தது. இதில் குதிரைக் காட்சியில் விழுந்து மிலண்ட் ஆஸ்பத்திரியில் படுத்தார். ராசியில்லாத கதை என்று பேர் வந்தால் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

உண்மையான மறுபிறவி 1943-ல் வந்தது. பில்லி வைல்டர் அதே கருவை எடுத்து, கலீஷியாவின் பனியை எகிப்தின் பாலைவனமாக்கி, 'ஃபைவ் கிரேவ்ஸ் டு கெய்ரோ' என்று எடுத்தார். வைல்டரே கலீஷியாவில் பிறந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. 1906-ல், சுஹா என்ற ஊரில். அப்பா ரயில் நிலைய உணவகங்கள் நடத்தினார். சாப்பாடு பரிமாறுகிறவர்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. ஹிட்லர் வந்ததும் ஜெர்மனியைவிட்டு ஓடி அமெரிக்கா வந்தவர்.

இதில் நாயகன் பிரிட்டிஷ் கார்ப்பரல் பிராம்பிள். முந்தின இரவு குண்டுவீச்சில் இறந்துபோன டாவோஸ் என்ற சர்வரின் பெயரையும் காலணியையும் மாட்டிக்கொள்கிறார். அந்தச் சர்வருக்குக் கால் ஊனம், அதனால் விசேஷக் காலணி. இவரும் நொண்டி நடக்க வேண்டும். விடுதிக்கு வந்து இறங்குவது ஜெர்மன் தளபதி ரோமல். நடித்தவர் எரிக் வான் ஸ்ட்ரோஹைம். தனியாகச் சிக்கும்போதுதான் பிராம்பிளுக்குத் தெரிகிறது, செத்துப்போன சர்வர் சாதாரண ஆள் இல்லை, ரோமலின் உளவாளி! உயிர் பிழைக்க மாட்டிய வேஷம் எதிரியின் வேஷமாகிவிட்டது. பழைய படத்தில் 'யாரும் கவனிக்காத ஆள்' என்பதுதான் பாதுகாப்பு. வைல்டர் அதைத் தலைகீழாகத் திருப்பினார். இங்கே சர்வரை எல்லோரும் எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள்.

ஆனால் இரண்டு படத்திலும் மாறாதது ஒன்று உண்டு. விடுதியில் வேலை செய்யும் பெண்தான் விலை கொடுக்கிறாள். வைல்டரின் படத்தில் அவள் பெயர் மூஷ், பிரெஞ்சுக்காரி. அண்ணன் தம்பிகளை டன்கிர்க்கில் பிரிட்டிஷார் கைவிட்டுப் போனதாக அவளுக்குக் கோபம். பிராம்பிளைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு எல்லாக் காரணமும் இருக்கிறது. அவள் என்ன செய்கிறாள் என்பதைச் சொல்ல மாட்டேன். 1943-ல், போர் இன்னும் முடியாதபோது எடுத்த படம் என்பதால், பாரமவுன்ட் இந்தத் தடவை வேகமான சுபத்தைத் திணிக்கவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

எப்படிப் பார்க்கலாம்?

1927-ல் வெளியான அமெரிக்கப் படங்களின் காப்புரிமை 2023 ஜனவரி 1-ம் தேதியோடு முடிந்துவிட்டது. அதனால் 'ஹோட்டல் இம்பீரியல்' பொதுச்சொத்து. இணையத்தில் தேடினால் கிடைக்கும். நீளம் ஒன்றேகால் மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். பிரின்ட் தரம் பதிவுக்குப் பதிவு மாறும். சிலவற்றில் முகங்கள் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருக்கும். இரண்டு மூன்று பதிவுகளைத் திறந்து, போலா நெக்ரியின் கண்கள் எதில் தெளிவாகத் தெரிகின்றனவோ அதைப் பாருங்கள்.

பின்னணி இசையைப் பற்றி ஒரு வார்த்தை. மௌனப்படங்கள் தியேட்டரில் பெரும்பாலும் மௌனமாக ஓடியதில்லை. பியானோவோ ஆர்கனோ வாத்தியக்குழுவோ நேரடியாக வாசிப்பார்கள். இப்போது இணையத்தில் இருப்பது பின்னாளில் யாரோ சேர்த்த இசை. நான் முதல் தடவை அதோடு பார்த்தேன், சில இடங்களில் எரிச்சலாக இருந்தது. இரண்டாவது தடவை மியூட்டில் போட்டுப் பார்த்தேன். விசாரணைக் காட்சியில் அறை முழுக்க சத்தமில்லாமல் இருக்க, அன்னா வாயைத் திறந்து சொல்கிறாள். உதடு அசைகிறது. எழுத்து வருவதற்கு முன்னாலேயே ஜெனரலின் முகத்தைப் பார்த்துவிடுங்கள்.

போனில் பார்ப்பதைவிட டிவியில் பார்ப்பது நல்லது. கேமரா அறை அறையாக நகர்கிற இடங்களில், கதைக்கு நடுவில் யார் யார் தட்டையும் வாளியையும் தூக்கிக்கொண்டு ஓரமாகக் கடந்து போகிறார்கள் என்று கவனியுங்கள். முதல் தடவை நான் அவர்களைப் பார்க்கவே இல்லை.